சோபாவில் ஒரு சித்தப்பா

ஆளுயரப் பொம்மையை நர்ஸ் சோபாவில் கிடத்துவதற்கும் வாசலில் வீட்டுக்காரர் இருமுவதற்கும் சரியாக இருந்தது.

"போச்சு. நாலாவது வீடும் போச்சு," என்றான் கணவன்.

போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுப்பதும், போதை மிஞ்சி மூச்சடங்கினால் மூக்கில் மருந்தடித்து எழுப்புவதும் அவள் வேலை. எழுப்பக் கற்றுக்கொடுக்கத்தான் பொம்மை. இந்த வேலை தெரிந்ததும் மூன்று வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதனால் இங்கே, 'பல் ஆஸ்பத்திரி' என்று கணவன் கூசாமல் புளுகியிருந்தான். இவரும் குடைந்து கேட்கவில்லை. "ராத்திரியில வீட்டுலதானே இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். கெடுபிடியான மனுஷர் என்று அவள் பயந்துபோயிருந்தாள்.

கணவன் பொம்மைமேல் போர்வையை இழுத்துவிட, வீட்டுக்காரர் மனைவியோடு உள்ளே வந்தார்.

"குழாய் ஒழுகுதுன்னீங்களே... இது யாரு?"

"எங்க சித்தப்பா. பஸ்ல வந்த அலுப்பு."

"கால் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"ரத்தசோகை."

"நெஞ்சு ஏறி இறங்கவே இல்லையே."

"மூச்சுப் பயிற்சி பண்றவரு. ரொம்ப நேரம் அடக்குவாரு."

நர்ஸ் கணவனை முறைத்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் மண்டி போட்டுவிட்டார். போர்வையை விலக்கி, நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன மருந்துக் குப்பியை எடுத்து மூக்கில் அடித்தார். அத்தனையும் முறைப்படி. "எழுந்திருய்யா, எழுந்திரு" என்றபோது அவருக்குக் குரல் உடைந்தது. தலையைப் பின்னால் சாய்த்தார். தலை கழன்று கையோடு வந்துவிட்டது.



நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கய்யா. நான் பல் ஆஸ்பத்திரி இல்ல. சீக்கிரமே காலி பண்ணிடறோம்."

வீட்டுக்காரரின் மனைவி கணவர் கையிலிருந்து தலையை வாங்கி, சித்தப்பாவுக்குப் பழையபடி பொருத்தினார்.

"காலி பண்றதா? நல்லா இருக்கே. தெருமுனையில மூச்சில்லாம கிடந்தானே ஒருத்தன், நீ எழுப்பி உக்கார வச்சியே, அவன் என் கொழுந்தன்மா. மாடியிலதான் இருக்கான். அதைப் பார்த்துட்டுதானே, உன் புருஷன் விட்ட பல் கதையை நம்புன மாதிரி நடிச்சு உன்னை இங்கே பிடிச்சுப் போட்டோம்."