அறிவுரை சொன்னால் கோப்பை கழுவ வேண்டும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே உங்கள் தங்கை சுகம். நானும் சுகம்தான், பாத்திரம் கழுவும் சோப்பில் விரல் தோல் கொஞ்சம் உரிந்திருப்பதைத் தவிர. அது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கடிதத்தை வீட்டில் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

போனில் நீங்கள் மூன்று முறை, "என்ன மாப்ளே, பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டீர்கள். மூன்று முறையும் நான், "பேசிக்கிட்டே இருக்கேன் மச்சான், முக்கால்வாசி முடிஞ்சாச்சு" என்று சொன்னேன். அது பொய். கால்வாசி கூட முடியவில்லை, பேச்சையே நான் ஆரம்பிக்கவில்லை. உங்கள் கம்பெனியில் தனி அறை, மாதச் சம்பளம் என்று ஒரு நல்ல வேலையை என் மகளுக்காக இந்த மாதக் கடைசி வரை பிடித்து வைத்திருக்கிறீர்கள். "என் பேச்சை அவ தட்ட மாட்டா" என்று மீசையில் கைவைத்து உங்களிடம் வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் அவளோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், சாய்வுக் கட்டில் எல்லாம் இரவல் கொடுப்பதும், தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிப் பழுதுபார்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுமாக அலைந்துகொண்டிருக்கிறாள். இதற்குச் சமூகத் தொழில் என்று பெயராம். இதைச் செய்கிறவர்கள் சமூகத் தொழில்முனைவோராம். நான் கேட்டபோது, "லாபம் வந்தா நாற்காலி வாங்குவோம், வரலன்னா இருக்கறத ரிப்பேர் பண்ணுவோம்பா" என்று விளக்கம் கொடுத்தாள்.

வீட்டில் பேச்செடுக்கப் போனால் போன் வந்துவிடும், அல்லது யாருக்காவது கட்டில் வேண்டும் என்று கிளம்பிவிடுவாள். அதனால் ஒரு திட்டம் போட்டேன். அவளும் அவளைப் போன்றவர்களும் சனிக்கிழமை சாயங்காலம் எங்கேயோ கூடுகிறார்கள் என்று தெரியும். அங்கேயே போய், அவளுடைய கூட்டாளிகள் முன்னால் நாலு நல்ல வார்த்தை சொன்னால் மரியாதைக்காவது கேட்பாள் என்று நினைத்தேன். "நானும் வரட்டுமா?" என்றேன். "மீட்டிங்கெல்லாம் இல்லப்பா, சும்மா உக்காந்து பேசுவோம்" என்றாள். நான் நம்பவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, சட்டைப் பையில் பேனா, பணி ஓய்வின்போது கொடுத்த கைக்கடிகாரம் எல்லாம் மாட்டிக்கொண்டு போனேன்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தலைமை நாற்காலி எது என்று தேடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வட்டத்துக்குத் தலைமை இடம் கிடையாது என்பதை அறுபத்திரண்டு வயதில் கண்டுபிடித்துவிட்டு, சுவர் ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் ஆடியது. முப்பத்து மூன்று வருடம் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவன் நான், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவன் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலிக் காலைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பழைய துணியில் பை தைத்து விற்கும் ஒரு அம்மாள் கையில் இருந்த சின்ன மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் அவரை மணிக்காரம்மா என்றே கூப்பிடுகிறார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது மச்சான். வாரம் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, தன் தொழிலில் எது இடறுகிறது என்று மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். அறிவுரை சொல்லக் கூடாது. சொன்னால் மணி அடிக்கும், சொன்னவர் கடைசியில் எல்லோருடைய டீக் கோப்பைகளையும் கழுவ வேண்டும். இந்த விதியை மணிக்காரம்மா முதலிலேயே தெளிவாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நமக்கு இது பொருந்தாது, வயதில் பெரியவர்களுக்கு விலக்கு இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அன்று நடு நாற்காலியில் தேனீக்காரர். வேலை இல்லாத குடும்பங்களுக்குத் தேன் பெட்டி கொடுத்துத் தேனை வாங்கி விற்கிறவர். பன்னிரண்டு பெட்டியிலிருந்தும் தேனீக்கள் ஒரே வாரத்தில் கிளம்பிப் போய்விட்டனவாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து, "பெட்டிய நிழல்ல வைக்கணும் தம்பி, வெயில்ல வச்சா எது இருக்கும்?" என்றேன். மணி அடித்தது. "சரி, கேள்வியாவே கேக்கறேன். பெட்டிய நிழல்ல வைக்கணும்னு உங்களுக்கு ஏன் தோணல?" என்றேன். மறுபடி மணி. மணிக்காரம்மா மிகவும் மரியாதையாக, "கடைசியில ஒரு கேள்விக்குறி ஒட்டிட்டா அது கேள்வி ஆயிடாது சார்" என்றார். மகள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேனீக்காரர் மட்டும் பரிதாபப்பட்டு, "பெட்டி நிழல்லதான் சார் இருந்துச்சு" என்றார். அன்று பத்தொன்பது கோப்பை கழுவினேன். இஸ்திரிச் சட்டை தொப்பலாக நனைந்தது.

இதோடு விட்டிருந்தால் நான் புத்திசாலி. அடுத்த சனிக்கிழமையும் போனேன். அன்று சோப்பு செய்கிறவருக்கு விற்பனை பற்றிச் சொல்லி இருபத்தோரு கோப்பை. அதற்கடுத்த வாரம் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். தலையாட்டலில் அறிவுரை இருக்கிறது என்று அதற்கும் மணி அடித்தார்கள். உங்கள் தங்கையிடம் வந்து முறையிட்டேன். "வீட்ல ஒரு மணி வாங்கி வைக்கணும்னு எனக்கு இருபத்தஞ்சு வருஷமா தோணாம போச்சே" என்று சொல்லிவிட்டு அவள் டிவி பார்க்கப் போய்விட்டாள்.

நான்காவது சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, "இந்த வாரம் நடு நாற்காலி எனக்குப்பா" என்று மகள் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளே எல்லோர் முன்னாலும் கஷ்டத்தைச் சொல்லப் போகிறாள், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், உங்கள் வேலை அவள் மடியில் விழுந்துவிடும். இரண்டு நாள் உட்கார்ந்து கேள்வியைத் தயார் செய்தேன். "நிலையான வருமானம் ஒருவருக்குத் தரும் மனநிம்மதியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" எந்த மணியாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது. துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நடுவில் உட்கார்ந்து அவள் பேசினாள். வீட்டில் இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. இருப்பதே பதினாறு சக்கர நாற்காலி, அதில் பதினொன்று திரும்பி வரவில்லையாம். வாங்கிப் போனவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நோயாளி இறந்துபோன வீடுகள். "போன் பண்ணி என்னன்னு கேக்கறது? உங்க அம்மா போயிட்டாங்க, நாற்காலியக் குடுங்கன்னா? நம்பரப் போடுவேன், ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிடுவேன். இன்னொரு பக்கம் இருபது பேரு நாற்காலிக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கும் பதில் சொல்ல முடியல. எங்க மாமா ஒரு வேலை வச்சிருக்காருன்னு அம்மா சொன்னாங்க. இத மூடிட்டு அங்க போயிடலாமான்னு இருக்கு" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை மச்சான். இத்தனை நாள் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, இதில் ஒரு வரி கூட எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை, சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

என் முறை வந்தது. துண்டுச் சீட்டைக் கையில் எடுத்தேன். மணிக்காரம்மா மணியைத் தயாராகப் பிடித்துக்கொண்டார். சீட்டில் இருந்ததைப் படிக்க வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "எந்த வீட்டுக்குப் போகத்தாம்மா உனக்கு ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "தையல்காரம்மா வீடுப்பா, வீட்டுக்காரரு போய் ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள். மணி அடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், வந்த காரியத்தை நான் சுத்தமாக மறந்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் இருவருமாகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, அதைப் பார்த்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்த அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி நின்றது. துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, கிழிந்த இருக்கைக்குப் புதுத் துணி தைத்து வைத்திருந்தார். "என்னிக்காவது வந்து கேப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். நானா எடுத்துட்டு வந்து குடுத்தா, அவர நானே வீட்டவிட்டு அனுப்புற மாதிரி இருந்துச்சு. நீங்க வந்து கேட்டா குடுத்துத்தானே ஆகணும்?" என்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், பூசி மெழுகுவானேன். பிறகு நானும் அவளுமாக நாற்காலியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினோம். எனக்கு முட்டி கழன்றுவிட்டது. சாயங்காலமே அது வேறொரு வீட்டுக்குப் போனது, பின்சக்கரத்தை நான்தான் இறுக்கிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மாப்பிள்ளை கட்சி மாறிவிட்டான் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஒரு நாற்காலி வந்தால் ஆயிற்றா? இன்னும் பத்து வீடு இருக்கிறது. இதைத் தொழில் என்று யார் சொல்வார்கள்? நான் அந்தக் கூட்டத்துக்குப் போவது வேவு பார்க்கத்தான். தனி அறை, மாதச் சம்பளம், இதுதான் அவளுக்கு நல்லது என்பதில் உங்களோடு உறுதியாக நிற்கிறேன். மாதக் கடைசி வரை இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வேலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எப்பாடுபட்டாவது அவளைச் சரிக்கட்டி உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன், இது என் வாக்கு.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், அறிவுரை எதுவும் இல்லை. உங்கள் முதுகுவலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் வந்தாள். "அப்பா, மாமாகிட்ட நான் வேலைக்கு வர்றேன்னு எழுதிடுங்க" என்றாள். எந்தப் பதிலுக்காக நாலு வாரம் படியேறினேனோ அந்தப் பதில். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டேன். "இன்னும் பத்து வீடு இருக்கு, உங்களுக்கு முட்டி வலிக்குது, ராத்திரி முனகுறீங்க" என்றாள். "என் முட்டியப் பத்தி உன்கிட்ட யாரு கேட்டா? நீ எங்கயும் போகக் கூடாது" என்று கத்திவிட்டேன். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டு, மீதி வீடுகளின் முகவரிகளை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதனால் மச்சான், அந்த வேலையை வேறு நல்ல பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவள் வருகிறேன் என்றுதான் சொன்னாள், விடாதவன் நான். கோபம் எல்லாம் என்மேலேயே இருக்கட்டும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது வீட்டுக்குப் போகிறோம், அது ஐந்தாவது மாடி.