காயவைத்து நிறுத்த கல்

"யாரோ என் கல்லு மேல கண்ணு வச்சிட்டாங்க. பேரு சொல்ல மாட்டேன். அவங்களுக்கே தெரியும்."

குளியலறை வாசலில், மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு நாகையா குற்றம் சாட்டினார். சுட்டியது சுபாங் ஜெயாவில் இருக்கும் மச்சான் வாசுவை. மனைவி சீதாலெட்சுமி தன் தம்பிக்குப் பரிந்து பேசவில்லை. "கண்ணு பொல்லாததுங்க," என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

வாசு வீட்டில் கடல்மீன் தொட்டி இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் அதையே பார்த்தார்கள். மேரு என்கிற சின்ன ஊரில் லோரி வைத்து முன்னுக்கு வந்த நாகையாவை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தனக்கும் ஒரு தொட்டி என்று அன்றே முடிவானது. அதற்கு முதலில் வேண்டியது உயிர்க்கல். கடலடியில் கிடந்து, பாசியும் பூச்சியும் குடியேறிய கல். எடைபோட்டு விற்பார்கள்.

சொன்ன விலைக்கு நாகையா எதையுமே வாங்கியதில்லை. "கல்லுக்குத்தான் காசு. தண்ணிக்கு எதுக்கு பாஸ்?" என்று சண்டை பிடித்து, கல்லை வெயிலில் பரப்பிச் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்த பிறகே தராசில் ஏற்றவிட்டார்.

"அண்ணே, உள்ள இருக்கிறதெல்லாம் செத்துரும் லா. நாறும்," என்றார் கடைக்காரர் ரமணி.

"நாறினா இன்னும் எடை குறையும்," என்றார் நாகையா.

நாறியது. உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, செத்ததைப் பிரஷால் தேய்த்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் சில வாரத்தில் கல் பதமாகும், நாற்றமும் ஓயும் என்று ரமணி சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குத் தோதாக இருந்தது குளியலறைச் சிமென்ட் தொட்டி. மோரிப் கடற்கரையிலிருந்து லோரியில் டிரம் டிரம்மாகக் கடல்தண்ணீர் வந்து அதில் நிறைந்தது.

வீட்டில் இருந்ததே அந்த ஒரு குளியலறை. விடிந்தால் லோரி டிரைவர்கள் கால் கழுவ அங்கேதான் நிற்பார்கள்; சீதாலெட்சுமி அவர்கள் போகும்வரை காத்திருப்பாள். பின்னால் தனியாக ஒன்று கட்டித் தரச்சொல்லி அவள் கேட்காத வருஷமில்லை, அவர் சொல்லாத சாக்குமில்லை. இப்போது அவள் சண்டைக்கு வரவில்லை. சோப்பும் துண்டுமாகப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் குளிக்கப் போனாள். மாமியாருக்கே பயப்படாத இராஜம்மா, புரட்டாசிக்கா பயப்படப்போகிறாள்? அவள் அடுப்பில் எந்த மாதமும் மீன் கொதித்தது. நாகையா சாரோங்கோடு வாசல் குழாயடியில் உட்கார்ந்தார். ஃபேக்டரி பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பின.

தேய்த்தார். தண்ணீர் மாற்றினார். ரமணி சொன்ன கெடு தாண்டியும் நாற்றம் அடங்கவில்லை. வீடே சைவமாகிவிட்ட புரட்டாசியில், குளியலறை மட்டும் மீன் விற்கும் பாசாராக இருந்தது. மேஸ்திரி பக்கிரிசாமியை வைத்துத் திருஷ்டி சுற்றியும் பார்த்தார். பக்கிரிசாமிக்கு வாந்தி வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த இராஜம்மா, இத்தனை லோரி ஓடியும் பொண்டாட்டி குளிக்க ஒரு மறைவு இல்லையா என்று டிரைவர்கள் காதுபடவே கேட்டுவைத்தாள். அந்த வாரமே பக்கிரிசாமி செங்கலோடு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நாகையா பேரம் பேசவில்லை.

பின்னால் குளியலறை எழுந்தது. கதவு மாட்டிய மறுநாள் காலை, சீதாலெட்சுமி தொட்டிக்குள் கைவிட்டு, கல்லுக்கடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுப்பதை நாகையா பார்த்துவிட்டார். பிடுங்கி அவிழ்த்தார். இறால் தலைகள். இராஜம்மா வீட்டுச் சமையலில் மிஞ்சியவை.

"புரட்டாசி மாசத்துல என்னடி இது?"

"நீங்கதானேங்க உயிர்க்கல்லுன்னு சொன்னீங்க. உயிர் இருந்தா பசிக்காதா? இனிமே வேணாம், பழகிக்கும்."

சோப்பை எடுத்துக்கொண்டு புதுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நிதானமாக, நிற்கிற உத்தேசமே இல்லாமல். நாகையாவின் கை முழங்கை வரை நாறியது. குழாயடியில் டிரைவர்கள் நின்றார்கள். பஸ் வரும் நேரம்.

அவர் கதவைத் தட்டினார். இப்போதும் பெயர் சொல்ல வாய் வரவில்லை.

"என் கல்லு மேல கண்ணு வச்சது யாரா இருந்தாலும் சரி, சட்டுன்னு வெளிய வந்து எனக்கு ஒரு வழி பண்ணுங்க. நான் இன்னும் குளிக்கல."