லாப்ரடோரில் ஒரு மரண அறிவித்தல்

எங்கள் சனம் வானொலியில் செய்தி கேட்காது, அரசியல் ஆய்வு கேட்கவே கேட்காது. ஆனால் மரண அறிவித்தல் தொடங்கினால் வெங்காயம் வெட்டுகிற கை அப்படியே நின்றுவிடும். அதையும் முழுதாகக் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊர், பெயர், உறவுமுறை, இவ்வளவுதான் காதில் ஏறும். மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும். இந்தச் சின்ன விஷயம் தெரியாதவன் மைக்கைத் தொடக் கூடாது. நான் தொட்டேன்.

அப்போது எனக்கு வாரநாட்களில் ஒரு வங்கியில் வேலை. சனிக்கிழமை மத்தியானங்களில், டொரன்டோவின் அஜின்கோர்ட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த சின்ன இணைய வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி. கேட்பவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. நிச்சயமாக எனக்குத் தெரிந்த ஒரே நேயர் மோர்னிங்சைட் பக்கம் இருக்கிற தங்கராசா அங்கிள். அவருடைய மகள் யாழினியைக் கட்ட நான் ஆசைப்பட்டேன். அவளுக்கும் ஆசைதான். அங்கிளுக்கு மட்டும் இல்லை. “ரேடியோவில அலம்புறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சனியும் ஒரு சொல் விடாமல் கேட்பார் (குறை பிடிக்கத்தான், வேறென்ன).

யாழினிக்குக் கடற்பறவை ஆராய்ச்சி. கோடை முழுக்க, கனடாவின் வடகிழக்கு மூலையில் லாப்ரடோர் கரைக்கு அப்பால் ஒரு பாறைத்தீவில் பஃபின் என்ற பறவைகளோடு இருப்பாள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, செம்மஞ்சள் சொண்டு. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அந்த ஒற்றைக் குஞ்சுக்காகத் தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்குப் போய், சின்ன மீன்களைச் சொண்டில் அடுக்கிக்கொண்டு வரும். அங்கிளுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. மகள் டொக்டருக்குப் படிக்கவில்லை என்பது அவருக்கு ஆறாத கவலை. யாராவது “மகள் என்ன செய்யிறா?” என்று கேட்டால், “உது ஏதோ வைல்ட்லைஃப்” என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார்.

அந்த ஓகஸ்டில் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. தீவில் ஃபோன் எடுபடாது, சாமான் கொண்டு போன படகில் போய் நின்று அனுப்பியிருந்தாள். அழுத குரல்.

“ரமணன், வோட்டர் டூ வார்ம் திஸ் இயர். மீனெல்லாம் எங்கேயோ ஆழத்துக்குப் போட்டுது. தாயும் தகப்பனும் தூரத் தூரப் போய் வெறுஞ் சொண்டோட வருகுதுகள். குஞ்சுகள் வளைக்குள்ளயே பட்டினியில சாகுது. ஐ டோன்ட் நோ, ஒண்டாவது தப்புமோ தெரியேல்லை.”

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு யோசனையும் வந்து தொலைத்தது. இதை வைத்து ஒரு நிகழ்ச்சி செய்தால், அங்கிள் மகளின் வேலையை விளங்கிக்கொள்வார், என்னையும் ஒரு விஷயமுள்ள ஆளாக மதிப்பார். ஆனால் கடல் சூடாகிறது என்று தொடங்கினால் எந்தச் சனம் கேட்கும்? ஆகவே மரண அறிவித்தல் மாதிரியே தொடங்குவது என்று முடிவெடுத்தேன் (அந்த நேரத்தில் இது கெட்டித்தனமாகத் தெரிந்தது).

சனிக்கிழமை, அறிவித்தலுக்கென்றே வைத்திருந்த சோகப் புல்லாங்குழலைப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி வாசித்தேன்:

“லாப்ரடோர் பாறைத்தீவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பஃபின் குஞ்சுகள் அகால மரணமடைந்தனர். அன்னார், மோர்னிங்சைட் யாழினி தங்கராசாவின் பாசமிகு பிள்ளைகளும், திரு. திருமதி தங்கராசா தம்பதியினரின் அன்புப் பேரப்பிள்ளைகளும் ஆவர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.”

“பேரப்பிள்ளைகள்” என்ற இடத்தில் புல்லாங்குழலின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் விட்டேன். அப்படியொரு மடையன். பிறகு மீதி நேரம் முழுக்கக் கடலின் வெப்பம், மீனின் போக்கு, முட்டையின் கணக்கு என்று விலாவாரியாக விளக்கினேன். அந்த நேரத்தில் டொரன்டோத் தமிழர் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சி முடிந்து ஃபோனைப் பார்த்தால் தவறிய அழைப்புகள் குவிந்து கிடந்தன. மல்வேர்னில் இருக்கிற, அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அன்ரி மறுபடியும் எடுத்தார்.

“தம்பி, பார்வைக்கு எங்க வைக்கினம்?”

“எதை அன்ரி?”

“பிள்ளையளை.”

“அன்ரி, அது பறவையள்.”

“ஓமப்பன், பறவை மாதிரித்தான் இருந்திருக்குங்கள், பாவங்கள். அதுசரி, யாழினி எப்ப கலியாணம் செய்தவ? எங்களுக்கு ஒரு கார்ட்டும் வரேல்லை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண் கேட்டு நிற்கிற வீட்டுப் பெண்ணுக்கு, கலியாணமாகாமலே பிள்ளைகள் பிறந்து இறந்துவிட்டதாக, இசையோடு சேர்த்து நானே அறிவித்திருக்கிறேன்.

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிளின் தெருவில் நிறுத்த இடமில்லை. வாசலில் செருப்பு மலை. ஆண்கள் செத்தவீட்டு முகத்தோடு கைகட்டி நின்றார்கள். குசினிக்குள் இடியப்பமும் சொதியும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாழினியின் அம்மா நிகழ்ச்சியைக் கேட்டிருக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுகிறவர்களோடு சேர்ந்து, எதற்கென்று தெரியாமலே அவரும் அழுதுகொண்டிருந்தார். மகளுக்கு ஃபோன் போகவில்லை. “தம்பி, என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?” என்று என் கையைப் பிடித்தார். “ஒண்டுமில்லை அன்ரி, அவ சுகமா இருக்கிறா” என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

நிகழ்ச்சியை முழுதாகக் கேட்ட ஒரே மனிதர் அங்கிள்தான். வரவேற்பறை நடுவில் நின்று வருகிற ஒவ்வொருவருக்கும் அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

“பிள்ளையள் இல்லையப்பா, குஞ்சுகள். பஃபின் குஞ்சுகள்.”

“பஃபின் எண்டால், தகப்பன் வெள்ளைக்காரனோ?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“லாப்ரடோர் ஆக்கள்” என்றார் அங்கிள். அவருக்கே குழம்பிவிட்டது.

ஆனால் சொல்லச் சொல்லப் பழகிவிட்டார். தேத்தண்ணிக் கோப்பை கடல், ரோல்ஸ் தட்டு தீவு. “தண்ணி சூடாகினால் மீன் கீழ போயிடும். உவையால நெடுக ஆழத்துக்குத் தாழ ஏலாது, களைச்சுப் போயிடுவினம். திரும்பி வந்தால் குஞ்சு செத்துக் கிடக்கும். வருசத்துக்கு ஒரு முட்டைதான், கண்டியளோ.” நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தட்டைக் கோப்பைக்குக் கிட்ட நகர்த்தி விளக்கத்தைத் தொடர்ந்தார். அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரம் அவருடைய ஃபோன் அடித்தது. யாழினி, படகிலிருந்து. சத்தம் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, வட் இஸ் கோயிங் ஒன்? ஏன் எல்லாரும் எனக்குக் கண்ணீர் அஞ்சலி அனுப்பினம்?”

அங்கிள் ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். “பிள்ளை, எத்தினை குஞ்சு தப்பினது?” என்று கேட்டார்.

அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“ஒண்டும் இல்லையப்பா” என்றாள். “நேற்று கடைசியும் போட்டுது.”

யாருடைய சாவு, யார் பெற்றது என்று விளங்காமல் வந்திருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அன்ரி மூக்கைச் சீறினார். அங்கிள் சோபாவில் போய் இருந்தார். “நீ சாப்பிட்டனியோ?” என்று மகளைக் கேட்டார். அவள் அழத் தொடங்கினாள். நானும்தான்.

சனம் கலைந்த பிறகு அங்கிள் என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும். என்ர பிள்ளைக்குக் கலியாணத்துக்கு முதல் பிள்ளை பிறந்து செத்ததெண்டு டொரன்டோ முழுக்கச் சொல்லிப்போட்டீர். இனி அவளை ஆர் கட்டுவான்?”

“நான் கட்டுவன், அங்கிள்.”

“கட்டாமல் விட்டுப் பாரும்” என்றார்.

இப்போது எங்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். யாழினி இன்னும் ஒவ்வொரு கோடையும் வடக்கே போகிறாள். சில வருடம் குஞ்சுகள் பறக்கின்றன, சில வருடம் இல்லை. எந்தக் கலியாண மண்டபத்திலாவது தெரியாத யாராவது மாமனாரிடம் பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், அவர் சிரிக்காமல் சொல்வார்:

“எங்களோட ரெண்டு. லாப்ரடோரில எத்தினை எண்டு ஓகஸ்டிலதான் தெரியும்.”

கேட்டவர் என் மனைவியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன்.