கண்ணாடி போட்டவர்தான் சார்

தன்னுடைய கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கீழே நின்று டீ குடிக்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது.

திருவொற்றியூருக்கே டிஜிட்டல் பேனர் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. காதுகுத்தோ கருமாதியோ, ஆள் உயரத்துக்குப் படம் வைத்தாக வேண்டும். அப்போதுதான் விம்கோ நகரில் எங்கள் தெருவில் இருந்த தனராஜ் சார் காலமானார். மத்திய அரசு அதிகாரி. ஷில்லாங், போர்ட் பிளேர், ஜெய்ப்பூர் என்று உத்தியோகம் முழுக்க மாற்றலிலேயே போயிற்று. ஓய்வு பெற்று வந்தவர் சும்மா இருந்தாரா? ரத்த தானம், கண் முகாம், சாக்கடை அடைப்பு என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். (பின்னால் நின்று மைக்கில் 'ஹலோ, ஹலோ' சொன்னது நான்.)

காரியத்தன்று மாலை படத்திறப்பு. சாரின் மனைவி ராணியம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாபு, ஊரெல்லாம் சுத்துன மனுசன். மூஞ்சி நல்லா தெரியிற மாதிரி பெருசா ஒரு படம் வையிப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

வீட்டில் பெட்டி நிறையப் படங்கள். மலை இருந்தது, ஒட்டகம் இருந்தது, ஒட்டகத்தின் மேல் பயந்துபோய் ராணியம்மா இருந்தார். சாரைத்தான் காணோம். கேமராவை அடுத்தவர் கையில் கொடுக்காத மனிதர்! கடைசியில் என் வீட்டு அலமாரியில் ஒன்று அகப்பட்டது. கண் முகாமில் நானும் அவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும் படம். சரியாகக்கூடப் பார்க்காமல் பேனர் கடையில் கொடுத்தனுப்பிவிட்டு, சாமியானாக்காரரோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன்.

கடையிலிருந்து போன் வந்தது. "ரெண்டு பேர் கீறாங்களேண்ணா, நடுவுல யாரைப் போட்றது?"

"கண்ணாடி போட்டவர்தான் சார்."

"இன்னோர்த்தரு?"

"அது நான். 'கண்ணீருடன்'னு போட்டு, கீழ ஓரமா சின்னதா வையி."

என்ன தன்னடக்கம்!

காரியத்தன்று மதியம், பெரிய ரோஜா மாலையோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே வந்த மீன்காரப் பொன்னி என்னைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ரிக்‌ஷாக்காரர்கள் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். நாய்தான் வந்தது. ஒன்றும் புரியாமல் டீக்கடை வாசலில் போய் நின்றேன். டீ மாஸ்டர் முனுசாமி கிளாஸை விட்டுவிட்டுத் தரையில் டீயை ஊற்றினார்.

"மாமு... நீ கீறியா?"

"கீறேன். இன்னா மேட்டரு?"

"அப்ப அது யாரு?" என்று என் தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

நிமிர்ந்து பார்த்தேன். மின்கம்ப உயரத்துக்கு நான்! சாரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தேன். முகாமில் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு நான் கோணங்கித்தனம் பண்ணியபோது எடுத்த படம் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கீழே ஓரத்தில் 'கண்ணீருடன்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக சார். செத்தவர் எனக்காகத் துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தார். பேர் என்னவோ 'அமரர் தனராஜ்' என்று சரியாகத்தான் போட்டிருந்தது. பேனரில் பேரை யார் படிக்கிறார்கள்?

வீட்டுக்கு ஓடினால், அங்கே இரண்டு பெண்கள் என் மனைவியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். "காலைல இட்லி துன்னுட்டுதானே போனாரு!" என்று அவள் விழித்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி வருவதற்குள் ராணியம்மா உறவினர்களோடு பேனரடிக்கு வந்துவிட்டார். அவர் கேட்டதே ஒன்றுதான், அதையும் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவர் என் பிரம்மாண்ட மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. குனிந்து, ஓரத்தில் இருந்த சாரை உற்றுப் பார்த்தார்.

"இந்தாளு சிரிக்கிறதைப் பாரேன்! கண்ணாடி இல்லாம இப்டி சிரிச்சி நானே பாத்ததில்ல பாபு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். பிறகு கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்.

மாலையில் அதைத்தான் திறந்து வைத்தோம். ஆள் உயரப் படத்துக்கு வாங்கிய மாலைக்குள் சார் மூழ்கிப்போனார். வந்தவர்கள் பூவை விலக்கி விலக்கிப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். மிச்சமிருந்த நான், முனுசாமியின் டீக்கடைக் கூரையில் மழைக்குக் காவலாக வெகுநாள் கிடந்தேன்.

இப்போது எனக்கே கண்ணாடி வந்துவிட்டது. குடும்பத்தோடு போட்டோவுக்கு நின்றால் போதும், என் மனைவி கையை நீட்டிவிடுவாள்.

"கண்ணாடியைக் கழட்டிக் குடுய்யா. ஒரு தபா செத்தது போதும்."