சேற்றில் வந்த மாப்பிள்ளை

ஒரே ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு உலகத்துக்கே பாடம் எடுப்பவர்கள் உண்டு. கல்யாணத்தன்று நான் அந்த ரகம்.

போரில் வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் வந்த வருடம். எங்கள் ஊர் காஜா பேராங்கிலிருந்து பெண் வீட்டுக்குப் போக லாரிக்குப் பெட்ரோல் இல்லை. பாய்மரப் படகில் போய், கெசாங் ஆற்றுக்குள் நுழைய வேண்டும். ஆற்று வாயெல்லாம் சேறு. கடல் ஏறியிருந்தால்தான் படகு நுழையும்.

நான் பண்டார் ஹிலிரில் கப்பல் சாமான் கடையில் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளைக்காரன் போட்டுவிட்டு ஓடிய கடல் ஏற்றவற்றப் புத்தகம் என்னிடம் இருந்தது. அதில் உச்ச நீருக்கும் வற்றிய நீருக்கும் மட்டும்தான் நேரமும் அடியும் இருக்கும். நடுவில் எவ்வளவு ஆழம் என்று நாமே கணக்குப் போட வேண்டும். (போட்டேன், பெரிய மாலுமி!)

"சரியாப் பாத்தியாடா?" என்றார் அப்பா.

"எட்டரைக்கு ஆறடித் தண்ணிப்பா. படகுக்கு நாலடி போதும். ஒன்பதுக்கு முகூர்த்தம். கணக்குன்னா கணக்கு!"

எட்டரைக்கு ஆற்று வாயில் முழங்கால் அளவுதான் தண்ணீர். படகு சேற்றில் உட்கார்ந்தது. படகோட்டி பாயை இறக்கிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

முகூர்த்தம் போய்விடும் என்ற பயத்தில், பட்டு வேட்டியோடு குதித்தேன். முதல் அடியில் இடுப்பு வரை உள்ளே போனேன். அடுத்து விழுந்ததில் கழுத்து வரை சேறு. எருமை கூடக் கொஞ்சம் கௌரவமாகக் கரையேறும். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பந்தல் வாசலில் பெண்ணின் அண்ணன் நின்றார். "யாருப்பா நீ?"

"மாப்பிள்ளை. முகூர்த்தம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கே! ஐயர் பழைய நேரம்தான் பாக்குறாரு. உங்க கடியாரம் டோக்கியோ நேரமாச்சே."

அப்போதுதான் உறைத்தது. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளிவைத்திருந்தான். புத்தகத்திலும் பழைய நேரம்தான். இந்த மேதை கடிகாரத்திலிருந்து அந்த ஒன்றரை மணியைக் கழிக்கவே இல்லை.

முகூர்த்தத்துக்கு முன்பே கடல் ஏறியது. படகு தானாக மிதந்து வந்தது. சட்டை மடிப்புக் கூடக் கலையாமல் இறங்கிய அப்பா, என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

பெண்ணின் அண்ணன்தான் என் காலைக் கழுவ வேண்டும். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயரே, கழுத்து வரைக்குமா?" என்றார். பக்கத்தில் குனிந்திருந்த பெண்ணின் மாலை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை காலைக் கழுவும்போது, யாராவது ஒருத்தர் "கழுத்து வரைக்குமா?" என்று கத்துவார். முதலில் சிரிப்பது என் மனைவிதான்.