சிவப்பு ஜெர்ஸி போட்ட பெண் எங்கிருந்தாலும் மைக்செட் அருகே வரவும்

சிலருக்குப் பயம் வந்தால் கை நடுங்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் கையில் மைக்கும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மீனவ கிராமமே சாட்சி.

பரீட்சையில் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து, ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கே போகாமல் பெயிலானவள் நான். (படிப்பு அதோடு சரி.) விக்கிரவாண்டி டோல்கேட்டில் கம்பி இறங்கினால், பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடி தலையைத் தாழ்த்திக்கொள்வேன். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மைக்செட் கடை நடத்துகிறார். கோயில் திருவிழாக்களில் அறிவிப்பு மட்டும் என் வேலை. தேர்க்கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பற்றி நான் அறிவித்தால், பிள்ளையைத் தொலைக்காத தாய்மார்கள்கூட ஓடி வருவார்கள்.

என் நாத்தனார் கல்பனாவை மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு அவள் கடலில் பலகை மேல் நின்று அலையில் சறுக்கக் கற்றுக்கொண்டாள். தான் கற்றதோடு விடாமல் குப்பத்துப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். சில வருடங்களுக்கு முன்பு, பெண்களுக்கென்றே ஒரு சர்ஃபிங் போட்டி வைக்கப்போவதாகக் கிளம்பிவிட்டாள்.

ஊர்த் தலைவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பல நாள் நடையாய் நடந்த பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டார்.

“ஒரு நாளு நடத்திக்க. ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னு சத்தம் வந்துச்சோ, அத்தோட எந்தப் பொண்ணும் பலகையத் தொடக்கூடாது.”

போட்டியன்று என் வீட்டுக்காரருக்குக் கண்டாச்சிபுரத்தில் கல்யாண ஆர்டர். மைக்செட்டோடு நான்தான் போனேன். கல்பனா ஏற்கெனவே ஈரமாக இருந்தாள். பெண்களுக்குக் காவலாகத் தானும் கடலுக்குள் பலகையோடு இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

“அண்ணி, மைக்ல பேரு சொல்லாதீங்க. கலரு மட்டும் சொல்லுங்க. அந்தச் செவப்பு ஜெர்ஸி இருக்குது பாருங்க, அது தீபா. தலைவரு மொவ. பேரு குடுத்தது அவருக்குத் தெரியாது.”

“ஐயோ, எனக்கு ஏண்டி இதச் சொன்ன?” என்றேன். உண்மையிலேயே கேட்டேன். ரகசியம் எனக்கு ஜீரணமாகாது.

வீட்டுக்காரர் ஸ்பீக்கர் கட்டுவதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திருவிழாவுக்குக் கட்டுவதுபோலவே இரண்டு குழாயையும் தென்னை மரத்தில் ஏற்றி, ஊரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன். ஊருக்குக் கேட்கத்தானே மைக்செட்? போட்டிக்காரர்கள் எதிர்த்திசையில், கடலுக்குள் இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆரம்பத்தில் எல்லாம் அழகாகப் போனது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த நடுவர்கள் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து மார்க் போட்டார்கள். ஊரிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கருவாடு காயும் பக்கத்திலிருந்து எழுந்து வந்த ஒரு நாய் மட்டும் கடைசி வரை பார்த்தது.

தீபாவின் சுற்று வந்தது. கரையிலிருந்து பலகை மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு உள்ளே போனாள். எதிரே ஒரு பெரிய அலை எழுந்தது. அவள் பலகையோடு அதற்குள் முங்கினாள். அலையைத் தாண்டி உள்ளே போக எல்லாரும் அப்படித்தான் முங்குவார்களாம். இந்தச் செய்தி எனக்கு மறுநாள் தெரிந்தது.

அலை போனது. சிவப்பைக் காணோம். இன்னோர் அலை வந்தது. அப்போதும் காணோம். (அலைக்கு அந்தப் பக்கம் பலகை மேல் சுகமாக உட்கார்ந்திருந்தாளாம்.) என் வாய் திறந்துகொண்டது.

“சிவப்பு ஜெர்ஸி அணிந்த பெண் எங்கிருந்தாலும் உடனடியாக மைக்செட் அருகே வரவும்.”

வரவில்லை. எப்படி வருவாள்? மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை, வழக்கமான பழக்கத்தில், அடையாளமும் சேர்த்துவிட்டேன்.

“தலைவர் மகள் தீபாவைக் காணவில்லை. கடைசியாகக் கடலில் பார்த்தது.”

ஊர் எழுந்து வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் தேரில்கூடப் பார்த்ததில்லை. பெண்கள் கையில் மீன் செதிலோடு ஓடி வந்தார்கள். ஆண்கள் பாதிச் சவரத்தில், வலை பின்னிய நூலோடு வந்தார்கள். சிலர் ஃபைபர் படகைத் தள்ளினார்கள். எல்லாருக்கும் முன்னால் தலைவர், லுங்கியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, “தீபா” என்று ஒரு குரல் கொடுத்தார். கடலிலிருந்து கல்பனா என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளும் மூழ்குகிறாள் என்று நினைத்து அதையும் அறிவித்தேன்.

அப்போதுதான் அந்த அலை வந்தது. அதன் மேல் சிவப்பு ஜெர்ஸி எழுந்து நின்றது. முழங்கால் மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, படகு தள்ளியவர்களையெல்லாம் ஒதுங்கவைத்துக்கொண்டு, நேராக வந்து அப்பாவின் பக்கத்தில் இறங்கினாள் தீபா. கூட்டத்தைப் பார்த்தாள், நனைந்த லுங்கியைப் பார்த்தாள்.

“இன்னாப்பா, நீயும் பேரு குடுத்திருக்கியா?”

கல்பனாவின் போட்டி, அந்தப் பெண்களின் பலகை, எல்லாம் முடிந்தது என்று நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் மகளையும் பார்த்தார், கடலையும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அலையோடு மல்லுக்கட்டிய மனிதர். அவருக்குள்ளே என்ன ஓடியதோ.

“கடைசில ஏன் அவசரப்பட்டு எறங்கன? அலை இன்னும் இருந்துச்சே” என்றார்.

“நீ குறுக்க நின்னுகினு இருந்தியே.”

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவரும் சிரித்தார். பிறகு என்னிடம் வந்து, “ஏம்மா, மொதல்ல அந்தக் கொழாயக் கடல் பக்கம் திருப்பு” என்றார். அதற்கப்புறம் சாமியானாவில் நடுவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு அலைக்கும் மார்க் போதாது என்று சண்டை பிடித்தார். ஓடி வந்த ஊர் திரும்பிப் போகவில்லை. எந்தப் பெண் நின்றாலும் அவள் தாய் அவளைவிட உயரமாகக் குதித்தாள். தீபாவுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவளுக்கும் தலைவர்தான் சால்வை போட்டார், கொஞ்சம் முறைத்தபடி.

அந்தக் கரையில் இன்று பலகையிலிருந்து விழுவதற்குப் பெயரே ‘காணாம போறது’தான். “நேத்து எத்தினி வாட்டிடி காணாம போன?” என்று சின்னப் பெண்கள் கேட்டுக்கொள்கிறார்கள். என் வீட்டிலோ, விழுப்புரம் மார்க்கெட்டில் நான் கொஞ்சம் பின்தங்கினால் போதும், “பூப்போட்ட புடவை கட்டிய பெண்மணி எங்கிருந்தாலும்” என்று என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் ஆரம்பித்துவிடுவார்.

போன வாரம் கல்பனா போன் செய்தாள். இந்த வருடப் போட்டிக்கு மைக் பிடிக்க நான்தான் வரவேண்டுமாம். ஆளை விடு தாயே, நல்ல அறிவிப்பாளராகப் பார்த்து வைத்துக்கொள் என்றேன்.

“போன வருஷம் வெச்சோமே அண்ணி. பாண்டிலேர்ந்து ஒருத்தரு, எவ்ளோ அழகா பேசினாரு. ஒருத்தரும் ஊட்ட உட்டு வரல. நீங்களே வந்து யாரையாச்சும் தொலைச்சிடுங்க.”