துணைவி அட்டை வாங்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் என்று மட்டும் சொல்லிக் கதையை ஆரம்பித்த காலம் மலையேறிவிட்டது. இப்போது எந்தக் காடு, வேலிக்கு எந்தப் பக்கம், உள்ளே நுழைய என்ன அட்டை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுகிறேன். வேலிக்கு வடக்கே வடகாடு. அங்கே தணிகாசலம் என்றொரு முள்ளம்பன்றி, பிறந்து வளர்ந்த குடிமகன். வேலிக்குத் தெற்கே தென்காட்டிலிருந்து அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கோமளம். அவளிடம் இருந்தது துணைவி அட்டை. புருஷனோடு மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் அது குடியுரிமை அட்டையாக மாறும். அதற்குள் பிரிந்தால் அட்டை செல்லாது. முப்பது நாளில் வேலியைத் தாண்டிவிட வேண்டும். யார் யாரை விட்டுப் போனார்கள் என்றெல்லாம் சட்டம் கேட்காது.

கோமளத்துக்குத் திரும்பிப் போக இடமில்லை. அவள் பிறந்த குன்றை உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். வடகாட்டில் அவளே வளை தோண்டினாள், கிழங்குப் பாத்தி போட்டாள். தணிகாசலம் அதில் விளைந்ததைத் தின்றான். கிழங்கு வேகவில்லை என்றாலும், குறட்டை விடுகிறீர்கள் என்று அவள் சொன்னாலும் அவனிடம் இருந்தது ஒரே பதில்தான்.

"அட்டை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா போதும். நாளைக்கே நீ வேலிக்கு அந்தப் பக்கம்."

கோமளம் வாயை மூடிக்கொள்வாள். பயம்தான், வேறென்ன. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவர்களுக்கு அட்டை கையில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் ஒன்பது மாதம் ஆனபோது, ஆற்றங்கரையில் குழலி என்ற முள்ளம்பன்றியைத் தணிகாசலம் பார்த்தான். பார்த்ததோடு நிற்கவில்லை, அங்கேயே குடி போய்விட்டான். ஆனால் குழலி விவரமானவள். "பிரிவுப் பத்திரம் கொண்டு வந்தாத்தான் கல்யாணம். அதுவரைக்கும் வாசல்லயே படுங்க" என்றுவிட்டாள்.

தணிகாசலம் ஆபீசுக்குப் போனான். வரிசையில் முயலுக்கு நாற்பது இடம் முன்னால் ஆமை நின்றது. ஆமையிடம் எல்லாச் சான்றிதழும் சரியாக இருந்தது. உள்ளே அதிகாரி பராங்குசம். அவர் ஓர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார் என்று தெரிந்தேதான் அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.

"பிரிவு மனு தீர ரெண்டு வருஷம் ஆகும்" என்றார் பராங்குசம்.

"சீக்கிரமா முடிக்க வழியே இல்லீங்களா சார்?"

"கல்யாணமே பொய்யா இருந்தா பதினஞ்சு நாள்ல ரத்து."

"பொய்தாங்க சார்! ஒரு நாள்கூட நாங்க ஒண்ணா வாழ்ந்ததில்ல."

"அப்போ மனசார மணந்தேன்னு உறுதிமொழியில கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"பொய் உறுதிமொழி குடுத்தா உங்க அட்டையும் ரத்து. ரெண்டு பேருமே வேலி தாண்டணும். வியாழக்கிழமை வளைக்கு வந்து விசாரிக்கிறேன்."

தணிகாசலம் ஓடோடி வந்தான். "கோமளம், நல்லா இருக்கியா?" என்று மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டான். விஷயத்தைக் கேட்டதும் கோமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையில் நாலு போடலாம். போட்டால் அவள் அட்டையும் அல்லவா போகும்? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டாள்.

இங்கே ஒரு குல வழக்கத்தைச் சொல்லவேண்டும். முள்ளம்பன்றிக் கல்யாணத்தில் மாலை மாற்றுவது கிடையாது. பெரியவர்கள் ஒரு முழம் கொடியை அளந்து நடுவில் போடுவார்கள். இதைவிட நெருங்காதே, இதைவிட விலகாதே என்று அர்த்தம். ஆனால் ஆபீஸ்காரர்களுக்கு நெருக்கம்தான் பிடிக்கும் என்று இருவரும் தாங்களாகவே முடிவு கட்டினார்கள். வியாழக்கிழமை பராங்குசம் வளைக்குள் தலையை நீட்டியதும் பாய்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

பராங்குசம் சிவப்பு முத்திரையை எடுத்தார். "பதினேழு வருஷ சர்வீஸ். கட்டிப்பிடிச்ச முள்ளம்பன்றித் தம்பதியை நான் பார்த்ததே இல்ல. சுத்த நடிப்பு."

அதற்குள் தணிகாசலத்தின் முள் ஒன்று கோமளத்தின் காதோரம் ஆழமாக இறங்கியிருந்தது. எல்லாம் போச்சு என்று தெரிந்ததும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"ஐயோ, எடுங்க உங்க முள்ளை! ஒரு நாளாவது எண்ணெய் தடவியிருக்கீங்களா? இடது பக்கம் படுத்தா குறட்டை, வலது பக்கம் படுத்தா நறநறன்னு பல்லு! மாங்கொட்டையைத் தலைமாட்டுல வெச்சுட்டு, எறும்பு வந்தா என்னைத் திட்டுறது!"

"நீ மட்டும் யோக்கியமா? எங்க அக்கா பதினோரு நாள் தங்கினதுக்குப் பதினோரு நாளும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தியே!"

"பதினோரு நாளா? பதினாலு! போகும்போது என் கிழங்கை மூட்டை கட்டினாங்களே, அதைச் சொன்னீங்களா?"

"உங்க அப்பன் சீர் செஞ்ச லட்சணத்துக்கு மூட்டை ஒரு கேடா?"

பராங்குசம் சிவப்பு முத்திரையைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு தாள் தீர்ந்து இரண்டாவது தாள் எடுத்தார். கத்திக்கொண்டே பின்வாங்கிய இருவருக்கும் நடுவே டேப்பைப் பிடித்துப் பார்த்தார். சரியாக ஒரு முழம். அவர் கண் கலங்கியது. அவருக்கும் வீட்டில் மனைவி உண்டு.

"அசல் தம்பதி!" என்று பச்சை முத்திரையை ஓங்கிக் குத்தினார். "இப்படிச் சண்டை போட முப்பது வருஷ அனுபவம் வேணும். மிச்சமிருக்கிற மாசத்தைத் தள்ளுபடி பண்றேன். இந்தாம்மா, குடியுரிமை அட்டை."

கோமளம் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சார், அப்படியே அந்தப் பிரிவு மனுவையும்..." என்று இழுத்தான் தணிகாசலம்.

"நிராகரிக்கப்பட்டது. இவ்வளவு உயிரோட்டமான கல்யாணத்தைப் பிரிச்சா எனக்குப் பாவம்" என்று சொல்லிவிட்டுப் பராங்குசம் போய்விட்டார்.

ஆற்றங்கரைக்குச் செய்தி முன்னாலேயே போய்விட்டது. குழலி வாசலில் கல்லை உருட்டி அடைத்துவிட்டாள். சாயங்காலம் தணிகாசலம் திரும்பி வந்தான்.

"கோமளம், நாம அசல் தம்பதின்னு முத்திரையே குத்தியாச்சு. இனிமே இங்கயே இருந்துடறேன்."

"நல்லதுங்க. முத்திரை குத்தின கோப்பு ஆபீஸ்லதான் இருக்கு. அங்க போய் அதோட குடித்தனம் பண்ணுங்க" என்றாள் கோமளம்.

நீதி: சேர்ந்து வாழ அன்பு இருந்தால் போதும், பிரிந்து வாழத்தான் குடியுரிமை வேண்டும்.